பத்து நாள் பத்தியம்

“பரிமளா, ஒரே ஒரு பரோட்டா. பிச்சுக்கூடப் போட வேணாம், அப்படியே முழுங்கிடுறேன்” என்றார் ரத்தினவேல்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அப்போதுதான் முதல் ஈடு பரோட்டாவை அடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கந்தர்வக்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கியவர் அந்தக் கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“போங்க, போய்ச் சாப்பிடுங்க. நானா கையைப் பிடிச்சு வச்சிருக்கேன்?” என்றாள் அவர் மனைவி பரிமளா.

“இப்படிச் சொன்னா எப்படி எறங்கும்?”

“அப்ப ஆட்டோவுல ஏறுங்க. பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்.”

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். ரத்தினவேலுக்கு ஒன்பது எப்போதோ பறந்துவிட்டது. பத்தாவதை மட்டும் வீம்புக்குப் பிடித்து வைத்திருந்தார். பத்து நாளாக வடிகட்டிய சூப்பும் மோரும் புரோட்டீன் மாவைக் கரைத்த தண்ணீரும்தான் ஆகாரம். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

எல்லாம் வயிற்றைச் சின்னதாக்கும் அந்த ஆபரேஷனுக்காக. அதற்கு முன்னால் நாலு கிலோவாவது குறைத்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் கத்தியைத் தொடுவேன் என்பது டாக்டரின் கட்டளை.

போன பங்குனியில் ஒரு தடவை வந்து, எடை குறையவில்லை என்று திரும்பிப் போனார்கள். கறம்பக்குடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் காலை வாரிவிட்டது. ‘ஆபரேஷனா? அப்ப ஒடம்புல தெம்பு வேணும்ல!’ என்று ஆளுக்கொரு கரண்டியாக இலையில் தள்ளிவிட்டார்கள். பாசத்துக்கு அணை போட யாரால் முடியும்?

“இந்தச் சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் இப்படியே விட்டா நாலஞ்சு வருஷத்துல படுக்கைதான். அடுத்த தடவையும் எறங்கலைன்னா என்கிட்ட வராதீங்க” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஆட்டோ கீழ ராஜ வீதியில் திரும்பியது.

“இந்த முக்குலதான் ஒனக்கு முட்டை மாஸ் வாங்கித் தந்தேன், அவிச்ச முட்டையை வெங்காயம் போட்டுப் பொரட்டி. கல்யாணமான புதுசுல, மொதமொத சினிமாவுக்கு வந்தப்ப. ஞாபகமிருக்கா?”

“இல்லாம என்ன?”

“வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சவ நிமிரவே இல்ல. நான் கையக் கழுவிட்டு வாரதுக்குள்ள என் பிளேட்டும் காலி.”

“பொய்யி! நீங்கதான் ‘இதையும் சாப்பிடு’ன்னு இங்கிட்டுத் தள்ளிவிட்டீங்க.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பரிமளாவும் சிரித்துவிட்டாள்.

“திருக்கோகர்ணத்துல ஒங்கப்பா வச்ச மறுவீட்டு விருந்து இருக்கே, அது விருந்து! ‘மாப்ளைக்கு இன்னொரு கரண்டி கறி’ன்னு அவரு போட்டுக்கிட்டே இருக்காரு, வேணாம்னு சொல்லத் தைரியமில்ல. சாப்பிட்டுச் சாஞ்சவன் முழிச்சுப் பாக்கையில கடைசி பஸ்ஸே போயிருச்சு.”

“அப்பா இருந்திருந்தா இந்த ஆபரேஷனுக்குச் சம்மதிச்சிருக்கவே மாட்டாரு. கடவுள் குடுத்த வயித்தை யாராவது வெட்டிக் குறைப்பாங்களான்னு சண்டைக்கு வந்திருப்பாரு.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததும் பரிமளா பிளாஸ்க்கைத் திறந்து காய்கறி சூப்பை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். இருவரும் குடித்தார்கள். ரத்தினவேல் குடித்த விதத்தைப் பார்த்தால் வேப்பெண்ணெய் தோற்றுப்போகும்.

“எல்லாத்துக்கும் அந்தப் பார்சல்தான் காரணம்” என்றார் அவர். “பம்ப்செட் கடையை அடைச்சா, பரோட்டாவும் சால்னாவும் வாங்காம வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாது. அடுப்படியில ரெண்டு பேரும் உக்காந்து, இவன் வந்தான், அவன் கடன் கேட்டான்னு பேசிக்கிட்டே சாப்பிடுவோமே... இனிமே ரெண்டு கரண்டிக்கு மேல வயித்துல எடமிருக்காதாம். அந்த நேரமெல்லாம் அவ்வளவுதான்ல?”

பரிமளா டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கும் பத்து நாளாக அதே ஏக்கம்தான். பரோட்டாவுக்காக இல்லை, அந்தப் பேச்சுக்காக.

“பார்சல் இல்லாட்டி எங்கிட்டப் பேச மாட்டீங்களா?” என்றாள்.

“பேசுவேன், பேசுவேன்” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கும் எறங்கலைன்னா என்ன பரிமளா செய்யிறது? எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு இருக்கு.”

“எறங்கியிருக்கும். பேசாம இருங்க.”

கதவு திறந்தது. நர்ஸ் ஷர்லி எட்டிப் பார்த்து, “அடுத்து நீங்கதான், வாங்க” என்றாள்.

எழுந்த வேகத்தில் ரத்தினவேலுக்குத் தலை சுற்றியது. உள்ளே போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊர்ச் சாமிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மெஷின் ‘பீப்’ என்றது.

“அஞ்சு கிலோ எறங்கியிருக்கு! நாளைக்குக் காலையில ஆபரேஷன்” என்ற ஷர்லி, மெஷினிலிருந்து இறங்குவதற்குப் பரிமளாவுக்குக் கை கொடுத்தாள். பிறகு சுவரோடு ஒட்டி நின்றவரைப் பார்த்தாள். “பேஷண்ட்டே தெம்பா நிக்கிறாங்க. துணைக்கு வந்த நீங்க ஏன் சார் இப்படித் தள்ளாடுறீங்க? சாப்பிடலையா?”

“கல்யாணமானதுலேர்ந்து, நான் கடையடைச்சு வந்து சாப்பிட ஒக்காருற வரைக்கும் இவ ஒரு பருக்கை வாயில வச்சதில்ல சிஸ்டர்” என்றார் ரத்தினவேல். “நான் இவளுக்காகக் காத்திருக்கிறது வெறும் பத்து நாளாத்தான்.”