அறைக்கு ஒரு பால்

மர்பி டவுனில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டைச் சுலோச்சனா தனியாளாக நின்று புதுப்பித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அறை முடிந்ததும் பம்ப் ஸ்டவ்வை அங்கேயே வைத்துப் பால் காய்ச்சுவாள்.

“ஒரே வீட்டுக்கு எத்தினி வாட்டிம்மா பால் காச்சுவீங்க?” என்று சிரிப்பார் மேஸ்திரி ஏழுமலை.

“பொங்கறத பாக்க கூட ஒரு ஆளு வேணும் மேஸ்திரி. சும்மா நின்னு பாருங்க.”

அவரும் நின்று பார்த்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போவார்.

கடைசி அறைக்குப் பால் காய்ச்சிய காலையில் அவர் வரவில்லை. பீன்யாவில் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். பால் பொங்கியதைச் சுலோச்சனா மட்டும் பார்த்தாள். பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து வரச் சற்று நேரமாயிற்று.

ஒரு டம்ளர் காலியாக இருந்தது. அதிலிருந்த பாலாடை மட்டும் அவளுடைய டம்ளரில், அவளுடைய பாலாடைமேல், மிதந்தது.

“மேஸ்திரி, வந்துட்டீங்களா?”

வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அவளுக்குப் பாலாடை பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். மூவரும் இந்த வீட்டில்தான் செத்துப்போனார்கள்.

சுலோச்சனா தரையில் உட்கார்ந்தாள்.

“சக்கர போடறதுக்குள்ள குடிச்சிட்டீங்களே,” என்றாள்.