மொட்டைப் பலாமரம்

“ஓடியாங்க, ஓடியாங்க! ஆற்றோர மாமரம் பூத்துக் கொட்டுது! இன்னிக்கு விட்டா இடம் கிடைக்காது!” என்று காகம் கத்தியது. அணில்கள் கூட்டமாகப் பாய்ந்தன.

பெருச்சாளி மட்டும் பலாமரத்தடியைவிட்டு அசையவில்லை.

“மொட்டை மரத்துல என்னடா இருக்கு? வந்து தொலை!” என்றது அதன் சிநேகிதன் அணில்.

“வேரைத் தோண்டிப் பார்த்துட்டேன். நீ போ.”

சொல்லிவிட்டதே தவிர, பசியில் அதன் கால்களும் ஆற்றுப் பக்கமே திரும்பின. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

அடித்தது ஒரு காற்று! மாம்பூவெல்லாம் ஆற்றோடு போனது.

சில வாரங்களில் பலாவடி மண் வெடித்தது. வேர்ப்பலா! வாசனை காட்டையே தூக்கியது!

“ஓடியாங்க, ஓடியாங்க! இன்னிக்கு விட்டா இடம் கிடைக்காது!” என்று அதே காகம் கத்தியது.

அணில்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, பெருச்சாளி வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் சீண்டாத வேறொரு மரத்தின் வேரை முகர்ந்துகொண்டிருந்தது.