சொண்டு மூடிய காகம்

"காகத்தின்ரை சொண்டை மூடிக் கீறு, பிள்ளை."

மதிலில் காகத்தின் அலகை வரைந்துகொண்டிருந்த ஸ்ரெல்லா திரும்பிப் பார்த்தாள். பின்வீட்டு ஞானாம்பிகை நின்றாள்.

நல்லூரில் அந்த வாசிகசாலை மதிலின் ஷெல் காயங்களைப் பூசி மறைத்துவிட்டு, தங்களோடு ஒழுங்கையில் வாழும் உயிர்களை அயலவர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். கடைகளில் பெயின்ற் இல்லை. செங்கல் தூளும் விளக்குக் கரியும்தான். கரி ஸ்ரெல்லாவின் பங்கு; அதனால் காகமும்.

"கரையிற காகம், மாமி. திறந்திருந்தால்தானே வடிவு?"

"வடிவு ஆருக்கு வேணும்? மூடு."

பக்கத்தில் அணில் வரைந்துகொண்டிருந்த பத்மாவதி சிரித்தாள். "என்ரை அணிலுக்கு ஒண்டும் சொல்லேல்லையே, மாமி?"

"உது அணிலே? கொழுத்த எலி எண்டெல்லோ நினைச்சன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானாம்பிகை சிரிக்கவில்லை.

அவளுடைய மகன் கனகலிங்கம் கடலேரியைக் கடக்கக் கிளாலியில் வள்ளம் ஏறியவன். நாளையோடு ஒரு வருடம். ஒரு செய்தியும் இல்லை.

ஸ்ரெல்லா குரலைத் தாழ்த்தினாள். "காகம் கரைஞ்சால் வீட்டுக்கு ஆக்கள் வருவினமாம். அண்ணை வரவேணும் எண்டுதான் மாமி, திறந்து கீறினனான்."

ஞானாம்பிகை மதிலுக்குக் கிட்ட வந்தாள்.

"அவன் வரவேணும் எண்டால் மூடு, பிள்ளை."

ஸ்ரெல்லாவுக்கு விளங்கவில்லை. அவள் வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள். காகத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் ஊரான குருநகரில் காயவிட்ட கருவாட்டை அது களவெடுக்கும் என்பதுதான். ஆனாலும் பிளந்திருந்த சொண்டைக் கரியால் நிரப்பி மூடினாள்.

மறுநாள் மத்தியானம் ஞானாம்பிகை தலை முழுகிய ஈரத்தோடு வந்தாள். கையில் வாழையிலை, அதில் சோறும் கறிகளும். பின்னால் அவளுடைய கணவர் முத்துக்குமாரு, நெற்றி நிறையத் திருநீற்றோடு.

"இதென்ன விசர்வேலை? வீட்டிலை வைச்சிருக்கலாமே," என்றார் அவர்.

"திவசம் செய்யவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டது நீங்கள். காகம் படையலை எடுத்தால் பிள்ளை செத்திட்டான் எண்டு ஒப்புக்கொள்ளுறன் எண்டனான். நீங்களும் ஓம் எண்டனீங்கள்."

"ஓம், அதுக்கு?"

"எந்தக் காகம் எண்டு நீங்கள் கேக்கேல்லை."

அவள் குனிந்து, மதிலில் இருந்த கரிக்காகத்தின் காலடியில் இலையை வைத்தாள். "கா... கா..." என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியளே? சொண்டைத் திறக்குதில்லை. என்ரை பிள்ளை இருக்கிறான்."

முத்துக்குமாரு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் கூப்பிட்ட குரலுக்கு வேப்பமரத்திலிருந்து உயிருள்ள காகம் ஒன்று இறங்கி, இலையை நோக்கித் தத்தித் தத்தி வந்தது.

முத்துக்குமாரு தோளிலிருந்த சால்வையை உருவி வீசி அதைக் கலைத்தார்.