வழவழப்பான கட்டை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வெட்கத்தில் இத்தனை காலம் சொல்லாத கதை ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் செவந்தாயியின் இறந்த மகன் வைத்திருந்த பழைய பட்டாளத்துத் துப்பாக்கியை என் வீட்டுக்காரர் வாங்கி, காட்டுப்பன்றி வேட்டைக்காகப் பெரிய தோட்டா போகும்படி குழாயை அகலமாக்கினார். துப்பாக்கியின் மரக்கட்டையில் கிடந்த கீறல்களை நான்தான் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தேன். அன்று எனக்கு எழுத்துத் தெரியாது. மறுநாள் கண்தெரியாத செவந்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அதுல எம் மவன் பேரு வெட்டியிருப்பான். ஒருக்கா தடவிப் பாத்துட்டுப் போயிர்றேன் தாயி." எடுத்துக் கொடுத்தேன்; அவள் விரல்கள் கட்டை முழுக்க அலைந்தன. "தேஞ்சு போச்சா?" "ஆமா அத்தை, பழசுதானே" என்றேன். என் நகத்தில் மரத்தூள் இருந்தது. "அவன் கைபட்டே தேஞ்சிருக்கும்" என்று அவள் சிரித்தாள். உங்கள் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதெல்லாம் அழியாமல் இருக்கட்டும், மக்களே.