காகிதக் குல்லா

சேர்வராயன் மலையிலேயே பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஒரே தகப்பன் ஜவுளிக்கடை நாச்சிமுத்துதான். அவரே சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்க, எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் மக ஜெசிந்தாவுக்குப் பொறந்தநாள் பார்ட்டியாம். நம்ம தனம் போயிட்டு வரட்டுங்களா?" என்றாள் மனைவி.

"வயசுப்புள்ளைய அனுப்பறதா? டேப் ரிக்கார்டரை அலற விட்டு ஆடுவாங்க. காகிதக் குல்லா மாட்டிக்கிட்டுக் கை தட்டறது மனுசன் செய்யற வேலையா?"

கடைக்கு வந்த பெற்றோர் எல்லோருக்கும் துணியோடு இந்த அறிவுரையையும் மடித்துக் கொடுத்தார்.

பார்ட்டி அன்று சாயங்காலம் தனத்தைக் காணோம். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நாச்சிமுத்து செருப்பைக்கூட மறந்து மேடேறிப் போய் ரைட்டர் வீட்டுக் கதவைத் தள்ளினார்.

பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. சுவரோரம் வரிசையாகக் காலி நாற்காலிகள். வெட்டாத கேக்குக்கு முன்னால் ஜெசிந்தா. பக்கத்தில் தனம் மட்டும்.

"வகுப்புல எல்லாத்தையும் கூப்பிட்டேனுங்க மாமா. பனியாலதான் யாரும் வரல போலிருக்குதுங்க. பனி கலைஞ்சா வந்துருவாங்கதானுங்களே?"

தனம் அப்பாவையே பார்த்தாள்.

"வருவாங்க கண்ணு. இன்னைக்கு நொம்பப் பனி" என்றார் நாச்சிமுத்து.

பிறகு ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, காகிதக் குல்லா ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கை தட்ட ஆரம்பித்தார்.