இன்னும் ஆறு நிமிஷம்

அன்று காசநோய் வார்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நோயாளிகள் ஒன்பது, நர்ஸம்மா ஒருவர், ஆயா ஒருவர். ஆகப் பதினொரு பேர். டிவியில் பாடியவர்கள் கணக்கில் இல்லை.

பாடியது இத்தாலிய ஓபரா, வசனமெல்லாம் பாட்டாகவே வரும் மேடை நாடகம். அரங்கில் நடந்ததை அப்படியே படம் பிடித்தது. அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் இரண்டாம் கட்டில் நோயாளி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

ஒரு மணி நேரம் குறையில்லாமல் போயிற்று. பிறகு கதாநாயகி இருமினாள். கைக்குட்டையில் ரத்தம்.

கூடத்தில் அதுவரை கேட்ட இருமல்கள் சட்டென்று நின்றன.

நர்ஸம்மாவின் கண் நான்காம் கட்டில் தையல்காரப் பெண்ணிடம் போனது. வயது இருபத்தாறு. எப்படியும் போகிற உயிர்தானே என்று மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை. மாலைதோறும் மருந்துத் தட்டில் ஒரு கிண்ணம் மிச்சம்.

அணைத்துவிடலாம் என்றால் பிளக் கண்டக்டரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அவர் நகரவில்லை.

காட்டுவதற்கு வேறு படமே கிடைக்கவில்லையா, நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று ஆயா கேட்டேவிட்டார். மற்றவர்களும் முணுமுணுத்தார்கள்.

"இன்னும் ஆறு நிமிஷம்," என்றார் கண்டக்டர். "ஸ்டாப்பிங் வராம யாரையும் இறக்கிவிட மாட்டேன்."

கதாநாயகி செத்தாள். அதையும் பாடிக்கொண்டே சாவகாசமாகச் செத்தாள். திரை விழுந்தது. தையல்காரப் பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அதான் செத்தாச்சே. இப்பவாவது நகருங்க," என்றார் நர்ஸம்மா.

"இதுக்கப்புறம் வர்றதுக்காகத்தான் கொண்டுவந்தேன். ஏ பொண்ணு, துண்டை எடு. பாரு."

திரை மறுபடி விலகியது. செத்தவள் நடந்து வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக வணங்கினாள். பூக்கள் வந்து விழுந்தன. ஒன்றைப் பொறுக்க ஓடினாள். ஒரு இருமல் இல்லை.

கண்டக்டர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு எல்லோரும்.

"இவ நாளைக்கும் சாவாளா ஐயா?" என்றாள் தையல்காரப் பெண்.

"சாவா. அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவா."

மாலை மருந்துத் தட்டு சுற்றி வந்தது. ஒன்பது கிண்ணம். நர்ஸம்மா எண்ணினார். வழக்கம்போல ஒன்று மிச்சம். அலுப்போடு அதில் ஒட்டியிருந்த கட்டில் எண்ணைப் பார்த்தார்.

இரண்டு.

கண்டக்டர் கைதட்டிய களைப்பில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தையல்காரப் பெண் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய் அவரை உலுக்கினாள்.

"எந்திரிங்க ஐயா. உங்க ஸ்டாப்பிங் இன்னும் வரலை."

தட்டில் மிச்சம்: பூஜ்யம்.