திருட்டுச் செம்பருத்தி

வினோதினி இன்றைக்கும் திருடிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே, அவளுடைய டிபன் பையிலிருந்து ஒரு செம்பருத்திக் கிளை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மாமியார் ராஜலட்சுமி கண்ணில் அது படாமல் இருக்குமா?

“இன்னிக்கு யார் வூட்ல கை வெச்சே?”

“வர்ற வழியில ஒரு வூடு அத்தே. காம்பவுண்டுக்கு வெளிய நீட்டிகினு இருந்துச்சு.”

போன மாதம் மணி பிளான்ட். அதற்கு முன்னால் குரோட்டன்ஸ். அதற்கும் முன்னால் நந்தியாவட்டை. எல்லாம் இதே ‘வர்ற வழி’தான். நல்ல குடும்பம் என்று நாலு பேரிடம் விசாரித்துக் கட்டிய மருமகள். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, அங்கே நல்ல பெயர். இருந்தும் கை மட்டும் சும்மா இருப்பதில்லை. ராஜலட்சுமிக்கு அது பெரிய மானக்கேடு.

“கேட்டா குடுக்க மாட்டாங்களா? ஒருத்தர் வூட்டு இலையக்கூட கேக்காம தொட்டதில்ல நானு” என்றாள். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளருமாம் என்று மருமகள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஊர் ஆயிரம் சொல்லும் என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள் மாமியார்.

திட்டிக்கொண்டே கிளையை வாங்கிக்கொண்டாள். அதுதான் வேடிக்கை. வினோதினி தண்ணீரில் போட்டால் அழுகும். ராஜலட்சுமி கை பட்டால் துளிர்க்கும். கைராசி விஷயத்தில் அவளுக்குத் தன்னடக்கமே கிடையாது. கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிப் போட்டு, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். தண்ணீரை மாற்றாமல் விட்டால் நாறிவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன், நீ கிட்டே வராதே என்று உத்தரவும் போட்டாள். திருடியது மருமகள், செடி என்ன பாவம் செய்தது?

வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கியது. கிளை தொட்டிக்கு மாறியது. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் முதல் பூவும் விட்டது.

சந்தன நிறத்தில் அடுக்கு இதழ். நடுவில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு.

ராஜலட்சுமிக்குப் பகீரென்றது. இந்தப் பூ இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே வீட்டில்தான் உண்டு. தண்டலத்தில், அவளுடைய அக்கா ஜெயம் வீட்டில். வினோதினி கம்பெனி பஸ் ஏறுவதும் அங்கேதான். அது இத்தனை நாள் தோன்றவே இல்லை பாருங்கள்.

ஜெயம் அதைப் பெங்களூர் மலர்க் கண்காட்சியிலிருந்து வாங்கி வந்தபோது, ராஜலட்சுமி ஆசையாக ஒரு கிளை கேட்டாள். செடி கொஞ்சம் தேறட்டும், தருகிறேன் என்றாள் அக்கா. செடி தேறுவதற்குள் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு வந்துவிட்டார்கள். அப்பா விட்டுப்போன நிலத்துக்கு, தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் அக்கா முதலில் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. மகன் பாலாஜியின் கல்யாணத்துக்குக்கூட ராஜலட்சுமி அவளை அழைக்கவில்லை.

“போயும் போயும் அவ வூட்லயா திருடினே? ராஜி மருமக கிளை ஒடிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லி சிரிச்சிருப்பா.”

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜலட்சுமி செடியின் அடித்தண்டைப் பிடித்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் வேரோடு வந்துவிடும்.

“புடுங்கிடாதீங்க அத்தே. ரோடு அகலப்படுத்துறாங்கன்னு பெரியத்தை வூட்டு காம்பவுண்ட இடிச்சிட்டாங்க. அந்தச் செடியும் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம் கீது.”

பிடி தளர்ந்தது.

“அவ இன்னா பண்ணா?”

“செடி இருந்த எடத்தையே பாத்துகினு நின்னாங்க.”

ராஜலட்சுமியும் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காமேல் இருந்த கோபம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அழுகையும் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், கத்தரிக்கோலோடு திரும்பி வந்தாள்.

இருப்பதிலேயே நல்ல கிளையாகப் பார்த்து நறுக்கினாள். அதே ஊறுகாய் பாட்டில், அதே ஜன்னல். வெறும் கிளையாகக் கொடுத்தால் ஜெயம் அழுகவிட்டுவிடுவாள், அவளுக்குப் பொறுமை ஏது என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் மாற்றினாள்.

வேர் நன்றாக இறங்கியதும், ஈரத்துணி சுற்றி, ஒரு கவரில் போட்டு, வேலைக்குக் கிளம்பிய மருமகள் கையில் கொடுத்தாள்.

“அவகிட்ட குடுத்துட்டுப் போ. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத. அத்தைக்குத் தெரியாம திருடிகினு வந்தேன்னு சொல்லு.”

வினோதினியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நான் இதுவரைக்கும் எடுத்தாந்த ஒவ்வொரு கிளையையும் என் கையில குடுக்கும்போது, பெரியத்தையும் இதேதான் சொன்னாங்க அத்தே.”